அம்மா சொல்லாமல் விட்ட வரி

மாவுக்கட்டு போடும்போது முதலில் குளிரும். நனைத்த துணிச்சுருளை வயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவருகையில் உடம்பெல்லாம் சிலிர்த்து மயிர்க்கால்கள் நிற்கும். பிறகு அது இறுகத் தொடங்கியதும் மெல்ல மெல்லச் சூடேறி, காய்ச்சல்காரரின் கை ஒன்று நம்மைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டின் வாசனை அதற்கு. பத்து வயதில் அந்தக் குளிரையும் சூட்டையும் இரண்டு முறை அனுபவித்தவள் நான். மார்புக்குக் கீழே தொடங்கி, ஒரு பக்கம் இடது கால் விரல்கள் வரைக்கும் மறுபக்கம் வலது முழங்கால் வரைக்கும் வெள்ளைக் கல்லாக மாறி, இரண்டு கால்களும் அகன்றபடியே இருக்க நடுவில் ஒரு கட்டையும் வைத்துக் கட்டப்பட்டு, அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் கிடந்த அந்த மூன்று மாதங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அது தண்ணீர்ப் பஞ்ச ஆண்டு. ஏரிக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் ஏரியை நம்பாமல் லாரியை நம்பிய காலம். லாரி வருகிற சத்தம் கேட்டால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். நானும் ஓடினேன். பச்சை பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அது உருண்டு லாரிக்குப் பின்னால் போனதும் எடுக்கக் குனிந்தேன். லாரி பின்னால் வந்தது. எல்லோரும் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, அப்பாவின் வேலைச் சட்டையிலிருந்து வந்த எண்ணெய் நாற்றம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி அடித்திருந்தால் பிள்ளை இருந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. அந்தக் கட்டோடு உள்ளறைக் கதவுக்குள் என்னை நுழைக்க முடியவில்லை. அதனால் தெருவைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டார்கள். அம்மா அதற்கு முன் ஒரு தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதை நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்னைப் புரட்டிப் போடவேண்டும். சாப்பிட்டது கட்டுக்குள் சிந்தாமல் பார்க்கவேண்டும். உள்ளே எறும்பு போய்விடாமல் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கவேண்டும். பங்குனி வெயில் ஏற ஏற உள்ளே அரிப்பு எடுக்கும். அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, நுனியில் பஞ்சு சுற்றி, கட்டுக்குள் விட்டுச் சொறிந்து விடுவார். நோகாமல் சொறிவதால் அந்தக் குச்சிக்கு நாங்கள் "நோவாத்தடி" என்று பெயர் வைத்திருந்தோம். இன்றுவரை அதைவிடச் சுகமான ஒன்றை நான் அறிந்ததில்லை.

எங்கள் வீட்டில் மாலை விளக்கு போட்டதும் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா ஒரு பகுதி வாசிப்பார், அம்மா ஜெபிப்பார், கடைசியில் மூவரும் சேர்ந்து இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்வோம். ஓடியாடிய காலத்தில் அதைச் சொல்லும்போது என் கண் உள்ளறைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருக்கும். படுத்த பிறகு பார்க்க எதுவும் இல்லாததால் கேட்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். "எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்கிற வரி வரும்போது அம்மாவின் குரல் நின்றுவிடும். அப்பா சொல்வார், நான் சொல்வேன். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு, அடுத்த வரி வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார். முதல் நாள் இருமலோ என்று நினைத்தேன். தினமும் அப்படியே நடந்தது. அப்பா கவனித்தாரா, கவனித்தும் பேசாமல் இருந்தாரா, தெரியாது.

லாரி ஓட்டியவர் பெயர் முருகேசன். ஏரிக்கு அந்தக் கரையில் வீடு. அவருடைய அப்பா காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் நெல் வயல். அதில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். விபத்து நடந்த அன்றே போலீஸ் கூட்டிக்கொண்டு போய், பிறகு ஜாமீனில் விட்டிருந்தார்கள். வழக்கு இருந்தது. நான் வீடு திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு பையில் சாத்துக்குடியோடு அவர் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள்.

"யக்கா, பாப்பாவ ஒரு தபா பாத்துட்டுப் பூடறேங்கா" என்றார்.

அம்மா கேட்டைத் திறக்கவில்லை. "எம் புள்ளய இந்தக் கோலத்துல கெடத்திட்டு, பழம் வாங்கிக்கினு வந்தியா? போய்டு. இன்னொரு தடவ இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்பை ஏற்றினார். முருகேசன் பையை மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். அதை யாரும் எடுக்கவில்லை, மாடு தின்றது.

அடுத்த ஞாயிறும் வந்தார். இந்த முறை கேட்டுக்கு வரவில்லை. எதிர்ப்பக்கத்து முருங்கை மரத்தடியில், எங்கள் வீட்டைப் பார்த்தும் பார்க்காமலும், அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போனார். மூன்றாம் ஞாயிறு அப்படி நின்றபோது அம்மா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஆள் மேல் கோபம் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது சலிப்பு. மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும் காலண்டரில் இருந்த ஆட்டுக்குட்டியையும் மூன்று வாரமாகப் பார்த்து அலுத்திருந்தேன். ஜன்னல் கம்பி வழியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணா! ஏரியில தண்ணி இருக்கா?"

அவர் திடுக்கிட்டுப் போனார். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்போல. ஜன்னலுக்குக் கிட்டே வந்து, உள்ளே பார்க்காமல் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"இல்ல பாப்பா. நடுவுல மட்டும் குட்ட மாதிரி கொஞ்சூண்டு கீது. மிச்சமெல்லாம் சேறுதான். கொக்கு மட்டும் நெறய கீது."

"எத்தன கொக்கு?"

"எண்ணலயே. அடுத்த வாரம் எண்ணிக்கினு வந்து சொல்றேன்."

எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பத்தொன்று. அன்றிலிருந்து ஏரிச் செய்தி எனக்கு வாரம் தவறாமல் வந்தது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. அதில் பழைய சைக்கிள் ஒன்று தலையைக் காட்டியது. பையன்கள் மூன்று கல்லை நட்டு கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள். அம்மா பின்கட்டில் இருக்கும் நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு வாரம் நடுக்குட்டையோரச் சேற்றில் மாட்டிக்கொண்ட பசுவின் கதை வந்தது. ஐந்து பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்களாம். கரையில் ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையோடு நின்று, "இப்படி இழு, அப்படி இழு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாராம். பசு ஒரே எகிறில் வெளியே வந்து, நேராக அவரிடம் போய், உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியதாம்.

"அவுரு மூஞ்சியப் பாக்கணுமே பாப்பா! வேட்டில வெள்ளையே இல்ல!"

நான் சிரித்துவிட்டேன். கட்டுக்குள் வயிறு குலுங்க இடமில்லாமல் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தேன். சத்தம் கேட்டு அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது என்று பல ஆண்டுகள் கழித்து எனக்குச் சொன்னார். ஜன்னலுக்கு அப்பால் முருகேசன் விறைத்துப்போய் நின்றார். அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே உள்ளே போனார். இனி அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்த அம்மாவின் கையில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. குடம் குடமாக அளந்து வாழ்ந்த அந்த நாட்களில் ஒரு சொம்புத் தண்ணீர் சும்மா கொடுக்கிற பொருள் இல்லை. அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, "வெயில்ல நிக்கிறீங்க, குடிங்க" என்றார். முதல் நாள் "நீ" என்றவர் "நீங்க" என்று சொன்னதை நான் கவனித்துக்கொண்டேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு முருகேசன் தானாகவே பேசினார். "கண்ணாடில பாத்துட்டுத்தான் யக்கா எடுத்தேன். குனிஞ்சிக்கினு இருந்த பாப்பா தெரியல. எறங்கிப் பாத்திருக்கணும், பாக்கல. அது என் தப்புதான். இப்போ ஸ்டேரிங் புடிச்சா கை உதறுது. வண்டியே எடுக்கறதில்ல. பூந்தமல்லி மார்க்கெட்ல மூட்ட தூக்கறேன்."

அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று மாலை ஜெபத்திலும் அந்த வரியில் அவருடைய குரல் வரவில்லை. ஆனால் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று, நானே உளறிவிட்டேன். கத்துவார் என்று பயந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அந்த மாடு அப்புறம் என்னதான் ஆச்சாம்?" என்று கேட்டார்.

ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வேனில் எடுத்துப் போனார்கள். அன்றோடு கட்டு போய்விடும், ஈஸ்டருக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நடந்தே கோயிலுக்குப் போகலாம் என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். எங்கள் சபைப் பிள்ளைகள் எல்லோரும் கட்டின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். ரம்பம் அதை இரண்டாகப் பிளந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு கூடத் தொடங்கியிருக்கிறது, ஆனால் பாரம் தாங்காது, இன்னும் ஆறு வாரம் வேண்டும் என்றார். பெயர்கள் எழுதிய துண்டுகள் குப்பை வாளிக்குப் போயின. மறுபடி அந்தக் குளிர், மறுபடி அந்தச் சூடு.

அன்று மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது நான் கத்தினேன். "எனக்கு ஜெபம் வேணாம். தினம் தினம் கேட்டேன். அவரு ஒண்ணும் பண்ணல. நான் சொல்ல மாட்டேன்!" அப்பா புத்தகத்தை மூடினார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, புதுக் கட்டின் ஈரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, என் கண்ணெதிரே முதல்முறையாக அழுதார்.

"எனக்குந்தான் வரல, ஷீபா. உனக்கு ஜெபமே வரல. எனக்கு ஒரு வரி வரமாட்டேங்குது. அந்த எடத்துக்கு வந்தா வாய மூடிக்கறேன்."

"எனக்குத் தெரியும்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி. நம்ம ரெண்டு பேரும் சொல்ல முடிஞ்சத மட்டும் சொல்லுவோம். முடியாதத, முடியலன்னே அவருகிட்ட சொல்லிருவோம். மனசுல ஒண்ண வச்சிக்கினு வாயில ஒண்ணு பேசறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அப்படியே செய்தோம். "ஆண்டவரே, எனக்கு உங்க மேல கோபமா இருக்கு" என்று நான் சொன்னேன். "எனக்கு அந்த மனுஷன மன்னிக்க முடியல, நீங்கதான் ஒதவி செய்யணும்" என்று அம்மா சொன்னார். அப்பா கண்ணை மூடி, "இவங்க ரெண்டு பேரையும் பாத்துக்கோங்க, எனக்குத் தெரியல" என்றார். எங்கள் வீட்டில் அவ்வளவு சின்ன ஜெபம் அதற்கு முன் நடந்ததில்லை. அன்று கட்டு சூடாகிக்கொண்டிருந்தது, வலி இருந்தது, ஆறு வாரம் மலைபோல எதிரே நின்றது. இருந்தும் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் எனக்குத் தைரியமாக இருந்தது. அதுவரை ஜெபம் எனக்கு மனப்பாடம். அன்றிலிருந்துதான் பேச்சு.

பெரிய வெள்ளி கழிந்தது. எனக்கு ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் போயே ஆகவேண்டும் என்ற ஆசை. எங்கள் கோயில் அப்போது ஏரிக்கரையோரம் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கூடம். கரைமேல் ஒற்றையடிப் பாதை. வேன் போகாது, கால் அகன்ற கட்டோடு ஆட்டோவுக்குள் நுழையவும் முடியாது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று உபதேசியார் யோசனை சொன்னார். உபதேசியார் என்றால் எங்கள் சிறிய சபையை நடத்தி வந்த ஊழியர். ஆயர் மாதம் ஒரு முறைதான் வருவார். பக்கத்து வீட்டில் நைலான் நாடா பின்னிய லேசான கட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். அப்பா, உபதேசியார், பக்கத்து வீட்டு அண்ணன் என்று மூன்று பேர் ஆனார்கள். நான்காவது ஆளாக வருகிறேன் என்றவர் சனிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"வேற யாரையாச்சும் பாக்கறேன்" என்று அப்பா செருப்பைத் தேடினார். அம்மா, "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனார். முக்கால் மணி நேரம் கழித்து, முகமெல்லாம் வியர்வையாகத் திரும்பி வந்தார். அம்மாவே சொன்னார்: "நாலு பேராச்சு. காலைல வந்துருவாரு."

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே முருகேசன் வந்துவிட்டார். குளித்து, நெற்றியில் விபூதி பூசியிருந்தார். அப்பாவும் அவரும் முதல்முறையாக நேருக்கு நேர் நின்றார்கள். அப்பா தன் தோள்துண்டை இரண்டாகக் கிழித்து, கட்டில் சட்டம் உள்ளங்கையில் அழுந்தாமல் இருக்க ஒரு பாதியை அவரிடம் நீட்டினார். தலைப்பக்கம் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை அவரும் பிடித்தார்கள். வாசலைத் தாண்டியதும் ஏழு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக இரவு வானத்தைப் பார்த்தேன். அத்தனை நட்சத்திரங்கள். அம்மா முன்னால் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கரைப்பாதையில் மாறி மாறிக் கேட்டது இரண்டு குரல்கள் மட்டும்தான்.

"சார், இங்க பள்ளம் கீது. பாத்து வைங்க."

"பாத்துட்டேன். நீங்க கல்லுல கால வச்சிடாதீங்க."

கூடத்தின் முன்வரிசையில் என்னை இறக்கினார்கள். முருகேசன் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பாட்டு, பிரசங்கம் எல்லாம் நடந்தன. எனக்கு எதுவும் நினைவில்லை. பரமண்டல ஜெபத்துக்காக எல்லோரும் எழுந்து நின்றதும், என் தலைமாட்டில் நின்ற அம்மாவின் குரலை மட்டும் காதால் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வரியாக வந்தது. அந்த வரியும் வந்தது. அம்மாவின் குரல் ஒரு நொடி தடுக்கியது. சபை முழுவதும் சொல்லி முடித்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. எல்லோருக்கும் பின்னால், தனியாக, தேய்ந்துபோன குரலில் அம்மா அந்த வரியைச் சொல்லி முடித்தார். நான் கட்டுக்குள் இருந்துகொண்டே துள்ளப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். எழுந்து நடந்திருந்தால்கூட அந்தச் சந்தோஷம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோருக்கும் பன்னும் டீயும் கொடுத்தார்கள். அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய் முருகேசனிடம் கொடுத்தார். "திரும்ப வண்டி எடுங்க. கை உதறினா மெதுவா எடுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி எறங்கி ஒரு சுத்து பாத்துட்டு எடுங்க. மூட்ட தூக்கறதுக்கா நீங்க லைசென்ஸ் எடுத்தீங்க?" என்று, திட்டுகிற குரலில்தான் சொன்னார். முருகேசன் டீயைக் குடிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வைகாசியில் கட்டைப் பிரித்தார்கள். இடது கால் குச்சியாக மெலிந்து, தோல் உரிந்து, அரை அங்குலம் குட்டையாகியிருந்தது. இன்றும் மெலிதாக ஒரு சாய்வு என் நடையில் உண்டு. வழக்கு அதன் போக்கில் நடந்தது. அப்பா கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னார், முருகேசனும் தன் தவறை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினார். ஆடி மாதத்தில் மறுபடி லாரி ஓட்டத் தொடங்கினார். அவர் எங்கள் சபையில் சேரவில்லை, அம்மாவும் சேரச் சொல்லவில்லை. கொஞ்ச ஆண்டுகள் கழித்து வீட்டை விற்றுவிட்டுத் திருத்தணிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

இப்போது அந்தக் கூடம் இல்லை. அந்த இடத்தில் மாடி வைத்த கோயில், பளிங்குத் தரை, ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டன. ஒற்றையடிப் பாதை இருந்த கரையில் காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்காரர்கள் கைபேசியில் பேசிக்கொண்டு போகிறார்கள். எதிர்க்கரையில் வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அப்பா இல்லை, நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த விபத்து ஏன் நடந்தது என்பதற்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. தெரிந்துகொண்டதாக நடிப்பதும் இல்லை. ஆனால் பிறகு வந்த துக்கங்களில், அப்பா போனபோதுகூட, முடியலன்னா முடியலன்னு சொல்லக் கூச்சம் வந்ததில்லை. சொன்ன பிறகு தனியாக விடப்பட்டதும் இல்லை.

போன லெந்து நாட்களில் அம்மாவும் நானும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, வெகுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஈஸ்டர்ல அந்த வரிய சொன்னியேம்மா, அப்பவே மன்னிச்சிட்டியா?"

அம்மாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க? அன்னிக்கு வாய்தான் சொல்லுச்சு. மனசு வர இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு. தெனம் சொல்லிக்கினே இருந்தேன். ஒருநாள் சொல்லும்போது பாத்தா, உள்ள ஒண்ணுமே குத்தல. அன்னிக்கு என்னா கெழமன்னுகூட ஞாபகமில்ல."

சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரையை அலசக் குழாயடிக்கு எழுந்து போனார்.